அம்மாவை அழைத்து வருவதற்கு முன்

(பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்)

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. அப்பா காலமான பிறகு கும்பகோணத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாதம் விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். நல்லவேளை, முழங்கை வீங்கியதோடு போயிற்று. அன்றிலிருந்து அண்ணன், வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வரச்சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறார். அம்மா அசையமாட்டேன் என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பக்கம் அப்புறம் பார்க்கலாம். அம்மா எப்படி விழுந்தார் என்று யாராவது கேட்டீர்களா? "வழுக்கிடுச்சு" என்பார். அதோடு விட்டுவிடாதீர்கள். எழுந்ததும் தலை கிறுகிறுத்ததா, நிலைப்படி தடுக்கியதா, ஈரத்தில் கால் போனதா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

கிறுகிறுப்பு என்றால் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் இறங்கினால் பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ காரணமாக இருக்கலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறார், அதுவும் ராத்திரியில் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பதை மட்டும் அம்மா இன்றைக்கே பழகலாம்.

அடுத்தது வீடு. உங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பல எனக்குத் தெரியும். கட்டில் கூடத்தில், கழிப்பறை கொல்லையில். நடுவில் உயரமான நிலைப்படி, முற்றத்தின் விளிம்பு, எப்போதும் ஈரமாக இருக்கும் கிணற்றடி. அடுத்த முறை போகும்போது ராத்திரியில் அம்மாவை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே போங்கள். எந்த இடத்தில் சுவரைத் தொடுகிறார், எங்கே கதவைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். கை தானாகப் போகிற அந்த இடங்களில்தான் கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஆளோடு சேர்ந்து பெயர்ந்து வரும். எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி கடையில் கிடைக்கிறது. ஆனால் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. கொத்தனாரை வைத்துச் செங்கல் வரை கொத்தி, சிமென்ட்டில் பதிக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்ததும் உங்கள் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். அசைந்தால் கொத்தனாருக்குப் பாக்கிப் பணம் கிடையாது!

குந்தி உட்காரும் கழிப்பறையாக இருந்தால், அதன்மேல் வைக்கிற கமோடு ஸ்டூல் போதும், இடிக்கவேண்டாம். உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். விழுந்தவர் உள்ளே தாழ் போட்டிருந்தால் கதவை உடைப்பதற்குள் உயிர் போய்விடும். கூச்சமாக இருந்தால் ஒரு திரை தொங்கட்டும். கட்டிலில் படுத்தபடியே எட்டுகிற இடத்தில் விளக்கு சுவிட்ச் இருக்கட்டும். ஓரம் சுருண்ட கால்மிதியைத் தூக்கிப் போடுங்கள். பரணில் இருக்கும் பாத்திரங்களை இறக்கி, இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

கூடத்தில் கேமரா மாட்டலாம் என்று அண்ணன் சொல்லக்கூடும். எனக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. விழுந்தவரைக் கேமரா தூக்கிவிடாது. அடுத்த வீட்டில் ஒரு சாவி, காலையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தால் கதவைத் தட்ட ஒரு ஆள், இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு பட்டன் போன் இருந்தால் அதைவிட நல்லது.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தேவைப்படுகிறவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால், உயிர்வாழ் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கி முடித்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய். மற்ற உதவிகளுக்கு முதியோர் உதவி எண் 14567.

இதெல்லாம் செய்தும், அடுப்பில் பால் வைத்ததை அடிக்கடி மறக்கிறார், ஒரே மாத்திரையை இரண்டு தடவை போடுகிறார், தெரிந்த தெருவில் வழி தவறுகிறார் என்றால் கதை வேறு. அப்போது அண்ணன் சொல்வதுதான் சரி. கூடவே தங்க ஆள் வேண்டும், அல்லது இடம் மாறவேண்டும். ஒரு தடவை விழுந்ததற்காக வேண்டாம்.

கேள்வி: "வீட்டை என் பெயருக்கு எழுதிவையுங்கள், கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான் மகன். எழுதலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அவசரம் என்ன? எழுதியே ஆகவேண்டும் என்றால், உங்களைக் கவனித்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையும், ஆயுள்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். வாய்ச்சொல்லை நம்பவேண்டாம். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆவது பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கவேண்டும். பத்திரத்தை எழுதுவதற்கு முன் உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், மகன் கூட்டிவருகிற வக்கீலிடம் அல்ல.