பூச்சிக்குள் வாழும் பாக்டீரியா, அந்தப் பூச்சியின் பரிணாமத்தை மாற்றுமா?

‘பரிணாமம் என்றால் ஓர் உயிரின் சொந்த மரபணுக்கள் மாறுவதுதானே? உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு அதில் என்ன வேலை?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேளாண் பூச்சியியல் படிக்கப் போன முதல் வருடம் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. அதை வைத்தே சொல்கிறேன்.

அவரைச் செடி போட்டவர்களுக்கு அசுவினியைத் தெரியாமல் இருக்காது. பூவெடுக்கும் நேரத்தில் கொழுந்து நுனியிலும் பிஞ்சிலும் கறுப்பாக அப்பிக் கிடக்கும். கீழே உள்ள இலையைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும், எறும்பு வரிசை கட்டி நிற்கும். அந்தப் பிசுபிசுப்பு வேறொன்றுமில்லை, அசுவினி குடித்து வெளியேற்றிய மிச்சச் சர்க்கரை. அது உறிஞ்சும் செடிச் சாற்றில் சர்க்கரைக்குக் குறைவே இல்லை. ஆனால் விலங்குகளால் தாமாகச் செய்துகொள்ள முடியாத அத்தியாவசிய அமினோ அமிலங்கள் அதில் மிகக் குறைவு. அவை இல்லாமல் புரதம் இல்லை, உடம்பு இல்லை. வெறும் பானகத்தைக் குடித்தே குடும்பம் பெருக்குவது மாதிரியான காரியம் அது. ஆனாலும் அசுவினி பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் தாயாகிறது. முட்டைகூட இடாமல் குட்டியாகவே போடுகிறது.

ஒருநாள் ஆய்வகத்தில் ஓர் அசுவினியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஊசியால் வயிற்றைக் கிழித்து நுண்ணோக்கியில் பார்த்தேன். கண் புள்ளி தெரியும் அளவுக்கு வளர்ந்த குட்டிகள் வரிசையாக வெளியே வந்தன. அவற்றோடு பெரிய பெரிய உருண்டை செல்கள். ஒரு செல்லை அழுத்தி உடைத்ததும் குட்டிக் குட்டி உருண்டைகள் எண்ண முடியாமல் சிதறின. அவைதான் புக்னெரா பாக்டீரியாக்கள். பூச்சிகளின் இந்த உள்வாழ்வை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஜெர்மானியர் பால் புக்னரின் பெயர் அவற்றுக்கு. அசுவினிக்கு வேண்டிய அமினோ அமிலங்களைச் செய்து தருபவை இவையே. ஆன்டிபயாடிக் கொடுத்து இவற்றைக் கொன்றால் அசுவினி உடனே சாவதில்லை. சூம்பிப் போகும், குட்டி போடுவது ஏறக்குறைய நின்றுவிடும்.

சரி, பரிணாமத்துக்கு வருவோம். புக்னெரா வெளியிலிருந்து தொற்றுவதில்லை. தாய் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடுகிறது. அசுவினி இனங்களின் வம்சாவளியையும் அவற்றின் புக்னெராக்களின் வம்சாவளியையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தபோது கிளைக்குக் கிளை பொருந்தின. இந்தக் கூட்டு தொடங்கி 16 கோடி முதல் 28 கோடி ஆண்டுகள் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் அசுவினி தன் பிள்ளைக்குக் கொடுப்பது ஒரு மரபணுத் தொகுதியை அல்ல, இரண்டை. இரண்டில் எதில் மாற்றம் வந்தாலும் இயற்கைத் தேர்வு அதைப் பார்க்கும். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இரண்டு பக்கமும் இழந்திருப்பதைப் பாருங்கள். நம் குடலில் இருக்கும் ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி சுமார் 46 லட்சம் டிஎன்ஏ எழுத்து. அதற்கு உறவான புக்னெராவினுடையது, 2000ஆம் ஆண்டு முழுதாகப் படிக்கப்பட்டபோது, வெறும் 6.4 லட்சம். பல அமினோ அமிலங்களின் கடைசிப் படியை முடிக்கும் மரபணுகூட அதனிடம் இல்லை. அந்தப் படியை அசுவினியின் செல் முடித்துக் கொடுக்கிறது. பட்டாணி அசுவினியின் மரபணுத் தொகுதி 2010இல் வெளிவந்தபோது, அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் வழி அதில் இல்லை. பாக்டீரியாவை எதிர்க்க மற்ற பூச்சிகள் வைத்திருக்கும் நோயெதிர்ப்பு மரபணுக்களிலும் முக்கியமான சில காணோம். ஒன்றில்லாமல் இன்னொன்று வாழ முடியாத நிலை. ஆகவே உள்ளே இருப்பதன் பலவீனமும் இப்போது பூச்சியின் பலவீனம்.

இதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் வெயில். 2007இல் அமெரிக்க உயிரியலாளர் நான்சி மோரன் குழுவினர் பட்டாணி அசுவினியில் இதைக் கண்டார்கள். புக்னெராவின் வெப்பத் தாங்கு மரபணு ஒன்றை முடுக்கிவிடும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அப்படிப்பட்ட புக்னெராவைச் சுமந்த அசுவினிகள் இளம் பருவத்தில் 35 டிகிரி சூட்டில் சில மணி நேரம் பட்டாலே பின்னால் குட்டி போடுவது அரிதாகிவிட்டது. ஆனால் குளிர்ச்சியான இடத்தில் அதே அசுவினிகள்தான் முந்திக்கொண்டு பெருகின. அதனால்தான் அந்த ஒற்றை எழுத்துக் குறை அழியாமல் நிற்கிறது. அப்புறம் 2015இல் ஓர் அசுவினியின் புக்னெராவை வேறு அசுவினியின் புக்னெராவால் மாற்றியே காட்டினார்கள். வெப்பம் தாங்கும் குணமும் கூடவே மாறியது. பூச்சியின் சொந்த மரபணுவில் எதையும் தொடவில்லை! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

புக்னெரா இல்லாமல் முடியாது. வேறு சில பாக்டீரியாக்கள் இருந்தால் லாபம், இல்லாவிட்டாலும் பிழைப்பு ஓடும். ஒன்று சிவப்பு அசுவினியைப் பச்சையாக மாற்றுகிறது. ஹேமில்டோனெல்லா என்பது காவலாளி. கொழுந்தில் சில அசுவினிகள் உப்பி, பழுப்பேறி, அசையாமல் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டுண்ணிக் குளவி உள்ளே முட்டையிட்டு, அதன் புழு அசுவினியைத் தின்று முடித்த கூடு அது. ஹேமில்டோனெல்லா இருக்கும் அசுவினியில் அந்தப் புழு பெரும்பாலும் செத்துவிடும். கொல்லும் நஞ்சு பாக்டீரியாவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு வைரஸிலிருந்து வருவது. வைரஸ் தொலைந்தால் பாதுகாப்பும் தொலைந்தது. சோதனைக் கூண்டில் குளவியை விட்டால் சில தலைமுறைகளிலேயே காவலாளி உள்ள அசுவினிகள் பெருகுகின்றன, குளவி இல்லாவிட்டால் குறைகின்றன. பூச்சி தன் சொந்த மரபணுவில் இப்படி ஓர் ஆயுதம் உருவாகும்வரை காத்திருந்தால் எவ்வளவு காலம் ஆகியிருக்கும்! இங்கே அது தாயிடமிருந்து தயாராக வருகிறது, சில நேரம் குளவியின் முட்டையிடும் ஊசி வழியாகவும் ஒட்டிக்கொள்கிறது.

குளவியும் சும்மா இருப்பதில்லை. காவலாளி இருக்கும் அசுவினியை அது அடையாளம் கண்டுகொள்கிறது போலும். வழக்கமாக ஒரு முட்டை இடும் இடத்தில் இரண்டு முட்டை இடுகிறது. அப்போது அந்த அசுவினிக்குள் ஒரு புழுவாவது தேறி வளரும் வாய்ப்பு கூடுகிறது.