அபாயமும் அபயமும்

சார் வணக்கம்,
பொன்னியின் செல்வன் படத்துல வந்தியத்தேவன் கேரக்டர் ரொம்பப் புடிச்சது. போற எடமெல்லாம் பேசியே எல்லாரையும் கவுத்துடறான். இவ்ளோ சார்மா இருக்கறவன் உள்ளுக்குள்ளயும் நல்லவனா இருப்பானா, இல்ல எல்லாம் மேல்பூச்சா? வீட்ல எனக்குப் பாத்திருக்கற பையனும் இப்படித்தான், அரை மணி நேரத்துல எங்க பாட்டியையே மயக்கிட்டான், அதான் பயமா இருக்கு. நந்தினியோட அழகு பத்தியும் எழுதுங்க.

அன்புள்ள வாசகிக்கு,

மொதல்ல திட்டிடறேன். 2022ல வந்த படத்துல கார்த்தி சிரிச்ச சிரிப்ப வச்சு லெட்டர் போடறீங்க. கல்கி 1950லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதினதும்மா அது, அஞ்சு பாகம், எந்த லைப்ரரிலயும் கெடைக்கும். நந்தினிய இப்ப விடுங்க.

ஆனா போன வாரம் எங்க சித்தப்பாவுக்கு திதி, அப்பலேர்ந்து நானும் இதேதான் நெனச்சுட்டிருக்கேன்.

வந்தியத்தேவன்கிட்ட என்ன இருக்கு சொல்லுங்க? ராஜ்யம் போன வாணர் குலம், ஒரு குதிர, ரெண்டு ஓல, அப்புறம் அந்த வாய். சோழ நாட்டுக் கஜானாவப் பாக்கற பெரிய பழுவேட்டரையருக்கு ஒடம்புல 64 விழுப்புண், கஜானா சாவி வேற, அவர் எதுக்கு இனிக்க இனிக்கப் பேசணும், மொறச்சாலே வேல நடக்குமே. இவன் தஞ்சாவூர்ல ராஜா சுந்தர சோழர் முன்னாடி நின்னு அபாயம் அபாயம்னு சொல்லிடறான், அது பெரியவரோட தம்பி, கோட்டைத் தளபதி சின்னப் பழுவேட்டரையர் காதுல விழுந்து, என்னப்பா அதுன்னு கேட்டதும், அபாயம் இல்லீங்க, எங்க குலத்துக்கு அபயம் கேட்டேன்ங்கறான். ஒரு துணைக்கால முழுங்கிட்டுத் தலையக் காப்பாத்திக்கிட்டான். எல்லாரும் சிரிக்கற எடம் அது. எனக்கு வயித்தக் கலக்கும்.

சித்தப்பாவும் அப்படித்தான். வேல நெலைக்கல, எங்க வீட்லதான் இருந்தார். மளிகைக்கட அண்ணாச்சி பாக்கி கேட்டு வாசல்ல வந்து நின்னா, வாங்க அண்ணாச்சி, பெரியவளுக்கு வரன் அமைஞ்சுதான்னு ஆரம்பிப்பார், அண்ணாச்சி காப்பி குடிச்சு, சிரிச்சு, கடனுக்கு இன்னும் அரை கிலோ துவரம்பருப்பு அனுப்பறேன்னு சொல்லிட்டுப் போவார். நாங்க பசங்கல்லாம் ஹீரோவப் பாக்கற மாதிரி பாப்போம். ஒருநாள் அண்ணாச்சி போனப்புறம் கொல்லப் பக்கம் போனேன், தண்ணி குடிக்க டம்ளரத் தூக்கினார், கை நடுங்கி பாதித் தண்ணி சட்டையில. என்னப் பாத்ததும் சட்டுனு சிரிச்சார் பாருங்க, அதே சிரிப்பு. அத நடிப்புன்னு சொன்னீங்கன்னா எனக்குக் கோவம் வரும்.

அதுக்காக அவர் நல்லவர்ங்கறேனா? அதுவும் இல்ல. வந்தியத்தேவன் தப்பிச்சுட்டான், அவனுக்கு எடம் குடுத்த சேந்தன் அமுதன் பாதாளச் சிறையில கெடந்தான். எங்க வீட்ல அது அப்பா. சிடுமூஞ்சி, சித்தப்பாகிட்ட நாலு வார்த்த நல்லதாப் பேசினதில்ல, சம்பளம் வந்தன்னிக்கு சட்டைய மாட்டிக்கிட்டு எங்கயோ போய்ட்டு வருவார். அண்ணாச்சி கடைக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சதே அப்பா போனப்புறந்தான்.

உங்க பையனப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும், பாட்டியக் கேளுங்க. நந்தினிக்கு அடுத்த லெட்டர் போடுங்க, படிச்சுட்டு.