கைதிகளும் சாகக்கூடும் என்று தெரிந்தே வதைமுகாம் மீது குண்டு வீசலாமா?

பாளையங்கோட்டையில் வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர், போலந்தில் நாஜி ஜெர்மனி நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் மீது 1944-இல் நேச நாடுகள் குண்டு வீசியிருந்தால் அது நியாயமாகியிருக்குமா என்று கேட்கிறார். ஆகியிருக்கும் என்பதே என் கருத்து.

அவ்வாண்டு மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை ஹங்கேரியிலிருந்து சுமார் 4,40,000 யூதர்கள் ரயிலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் ஆஷ்விட்ஸில் இறக்கப்பட்டு, சில மணி நேரத்திலேயே நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டனர். அந்த அறைகளையும் ரயில்பாதையையும் தகர்க்கக் கோரியவர்களிடம், போருக்குத் தேவையான விமானங்களைத் திருப்பிவிட இயலாது என்று அமெரிக்கப் போர்த்துறை மறுத்தது. ஆனால் ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்க விமானங்கள், ஆஷ்விட்ஸின் பிர்கெனாவ் பகுதியில் இருந்த அந்த நச்சுவாயு அறைகளிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் இருந்த மோனோவிட்ஸ் தொழிற்சாலையைத் தாக்கின. நெல்லை டவுனிலிருந்து பாளையங்கோட்டையைத் தாண்டிச் சற்றுப் போகும் தூரம், அவ்வளவுதான்.

தண்டவாளத்தை விரைவில் செப்பனிட்டுவிடுவார்கள் என்ற மறுப்பு வலுவானது; அறைகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. குறி தவறும் என்பதும் மெய்யே: அதே தொழிற்சாலை மீது செப்டம்பர் 13 அன்று நடந்த தாக்குதலில் சில குண்டுகள் முகாமில் விழுந்து கைதிகளும் மாண்டனர். எனினும், கொலை நாள்தோறும் நடக்கையில் குண்டு வீசாமலிருப்பதால் அந்தக் கைதிகள் காப்பாற்றப்படுவதில்லை. அவர்களைக் கொல்வது தாக்குபவரின் நோக்கமும் அன்று. கொலை நடந்துகொண்டிருக்க வேண்டும், தாக்குதல் அதை நிறுத்தவோ தாமதப்படுத்தவோ கூடியதாக இருக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நவம்பரில் வாயுக் கொலைகள் நிறுத்தப்பட்ட பிறகு அதே அறைகள் மீது குண்டு வீசியிருந்தால், அதை என்னால் ஆதரிக்க இயலாது.