நாற்பது நிமிஷமும் வானிலைதானா?

அன்புள்ள ஐயா,

நான் எடின்பரோவில் வசிக்கிறேன். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் மூன்று பேர் இப்போது ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். ஒருவன் டொரான்டோவில், இன்னொருவன் நியூசிலாந்தின் டுனெடினில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசிக்கொள்வோம். கொஞ்ச காலமாக எங்கள் பேச்சு முழுக்க வானிலையாகவே இருக்கிறது. இங்கே இலை பழுத்துவிட்டது, டொரான்டோவில் குளிர் இறங்கிவிட்டது, டுனெடினில் துளிர் விடுகிறது, இப்படியே போகும். போன வாரம் என் மனைவி கேட்டேவிட்டாள்: "நாற்பது நிமிஷமும் வெயிலு, மழை, காத்துதானா? உங்களுக்குள்ள பேச வேற ஒண்ணுமே இல்லையா?" சுருக்கென்றது. நட்பு வற்றிப்போன பிறகுதான் மனிதர்கள் வானிலை பேசுவார்களா?

இன்னொன்று. இலையுதிர்காலம் வந்தாலே எனக்கு மனம் கனத்துவிடுகிறது. ஒவ்வோர் இலையும் ஒரு மரணம், மரங்கள் அழுகின்றன என்றே தோன்றுகிறது. சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். உலகிலேயே அழகான இலையுதிர்காலம் எந்த நாட்டில் என்பதும் எங்களுக்குள் தீராத வழக்கு. பருவநிலை மாற்றத்தால் இதெல்லாம் கெட்டுவருகிறது என்கிறார்களே, அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ர.

அன்புள்ள ர.,

எந்த நாட்டு இலையுதிர்காலம் அழகு என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்காரர் அக்டோபர் மேப்பிளைக் காட்டுவார். ஜப்பானின் கியோட்டோக்காரர் நவம்பர் கடைசிவரை பொறுங்கள் என்பார். தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் படகோனியாவின் லெங்கா மரங்கள் ஏப்ரலில் சிவந்து நிற்கும்போது இந்த இருவர் ஊரிலும் வசந்தம். அழகிப் போட்டியை நீங்கள் மூவருமே நடத்திக்கொள்ளுங்கள்.

"மரங்கள் அழுகின்றன" என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வரியைப் பல வருடங்களாகப் பலர் எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது உதிர்ந்த இலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. நீங்களாவது பாருங்கள். உங்கள் ஊர்ப் பூங்காக்களில் ஹார்ஸ் செஸ்நட் மரம் இல்லாமல் இருக்காது. அதன் இலை விழுந்த இடத்தைக் கிளையில் தேடுங்கள். லாட வடிவில் ஒரு தழும்பு இருக்கும். லாடத்தில் ஆணி அடித்ததுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். நீரும் சத்தும் போய்வந்த குழாய்களின் வாய்கள் அவை, அடைத்துக் கிடக்கும். தழும்புக்கு நேர் மேலே, விரல் பட்டால் பிசுபிசுக்கும் ஒரு மொட்டு. அடுத்த வருடத்து இலைக்கானது. அது இப்போது வந்ததில்லை, கோடையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பிளேன் மரத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே இலைக்காம்பின் அடி குழிவாக இருக்கும், அந்தக் குழிக்குள்தான் புது மொட்டு ஒளிந்திருக்கும். பழைய இலை விழுந்தால்தான் மொட்டு வெளிச்சத்தைப் பார்க்கும்.

இதில் அழுகை எங்கே வந்தது? இலை சாவதால் உதிர்வதில்லை. மரம் அதைக் கணக்குப் பார்த்து வெட்டிவிடுகிறது. பகல் குறைவதையும் இரவு குளிர்வதையும் வைத்து நேரம் வந்துவிட்டதென்று மரத்துக்குத் தெரிகிறது. உடனே இலையிலிருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுக்க முடிந்தவரை கிளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி இப்படித் திரும்பி வந்துவிடும். பிறகு காம்பின் அடியில் ஒரு பிரிவுப் படலத்தை உண்டாக்கி, வாசலை அடைத்துவிட்டு, இலையைக் காற்றிடம் விடுகிறது. நம்பாவிட்டால் இதைப் பாருங்கள்: கோடைப் புயலில் முறிந்து தொங்கும் கிளையில் இலைகள் பழுப்பாகக் காய்ந்து பனிக்காலம் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்கும். உதிர்க்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். உயிருள்ள கிளைதான் இலையை உதிர்க்கும். உங்களுக்கு மரணம் தெரிய வேண்டிய இடம் உதிராத கிளை.

நிறமும் அப்படித்தான். மஞ்சள் இலைக்குள் எப்போதும் இருந்தது, பச்சையம் கலைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு வேறு கதை. கடைசி வாரங்களில் மரம் மெனக்கெட்டு ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் புதிதாகத் தயாரிக்கிறது. விடைபெறப் போகும் இலைக்கு ஏன் இந்தச் செலவு? சத்தைத் திரும்ப எடுக்கும் வேலை முடியும்வரை இலையை வெயிலிலிருந்து காக்கத்தான் என்று ஒரு கட்சி, பூச்சிகளுக்கு எச்சரிக்கை என்று இன்னொரு கட்சி. அறிவியலாளர்கள் சண்டையை இன்னும் முடித்தபாடில்லை. எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும். உங்கள் "மரங்கள் அழுகின்றன" பிடிக்காது.

இலையை விடாத மரத்துக்கு என்ன நேரும் என்பதற்கும் உங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1987 அக்டோபர் 15 இரவு தென் இங்கிலாந்தில் பெரும்புயல். ஏறக்குறைய 1.5 கோடி மரங்கள் சாய்ந்தன. மழையில் மண் ஊறியிருந்தது, மரங்களில் இலை இன்னும் அடர்த்தியாக இருந்தது. இலை கொட்டிய மரத்தின் ஊடே காற்று கடந்துபோய்விடும். இலையோடு நின்றவை அத்தனை காற்றையும் வாங்கிக்கொண்டன.

சரி, திட்டியது போதும். உங்கள் மனக்கனம் பொய் என்று நான் சொல்லவில்லை. பழியை இலை மேல் போடாதீர்கள் என்கிறேன். உங்களை அழுத்துவது வெளிச்சம். செப்டம்பர் கடைசியில் எடின்பரோ ஒவ்வொரு நாளும் நாலரை நிமிஷப் பகலை இழக்கிறது. வாரத்துக்கு அரை மணி நேரம். டொரான்டோ நண்பருக்கு அது நாளுக்கு மூன்று நிமிஷம்தான். நார்வேயின் டிராம்சோவில் இருப்பவருக்கு எட்டு நிமிஷத்துக்கு மேல். பூமத்திய ரேகையில் பிறந்து வளர்ந்தவருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு வேகமாக இருட்டு வரும். உடம்புக்கு அது தெரியாமல் இருக்குமா? மதியம் சாப்பிட்டதும் வெளியே ஒரு நடை போய் வாருங்கள், மேகமாக இருந்தாலும் சரி. கனம் இறங்கவே இல்லையென்றால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிச்சம் மட்டுமே பருவத்தைத் தீர்மானிப்பதில்லை, கடலும் உண்டு. மாஸ்கோவும் எடின்பரோவும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, ஒரே பகல், ஒரே இரவு. நவம்பரில் மாஸ்கோவின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், எடின்பரோவில் 6 டிகிரிக்கு மேல். கடல் கோடையைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறது. மொத்தமாகத் தரவும் செய்யும். கோடை முழுக்கச் சூடேறிய மத்தியதரைக் கடலுக்கு மேலே குளிர்ந்த காற்று வந்து தேங்கி நின்றால் என்ன ஆகும் என்பதை 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பார்த்தது. தூரிஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இருநூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அங்கே இலையுதிர்காலம் என்றால் மக்கள் அண்ணாந்து பார்ப்பது மேகத்தை.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு நண்பரின் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் இல்லை. சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்தவர். நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத மாட்டார். காற்று எந்தத் திசை, காற்றின் வேகத்துக்கு மாலுமிகள் வைத்திருக்கும் பியூஃபோர்ட் அளவில் எத்தனை, வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம், காற்றழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா, இவ்வளவுதான் இருக்கும். இளம் வயதில் எனக்கு எரிச்சலாக வரும். இதை எதற்கு மனிதர் தபால் தலை ஒட்டி அனுப்புகிறார் என்று நினைப்பேன்.

ஒரு நவம்பரில் வட அட்லாண்டிக்கிலிருந்து எழுதிய கடிதம் அது. வடமேற்குக் காற்று, வேகம் 8. அதாவது மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர், அலைநுரை கீற்றுக் கீற்றாகப் பறக்கும் காற்று. மேகம் எட்டுக்கு எட்டு. வழக்கத்துக்கு மாறாக அன்று இரவு முழுவதும், மணிக்கு ஒருமுறை, காற்றழுத்தத்தைக் குறித்திருந்தார். இரண்டாம் அதிகாரியின் இரவுக் காவல் பன்னிரண்டிலிருந்து நான்குவரைதான். இவர் எட்டிலிருந்தே எழுதியிருக்கிறார், விடிந்த பிறகும் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா இறந்த தகவல் அன்று மாலைதான் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அழுத்தம் 992, 990, 987 என்று எண்கள் மட்டும்.

உங்கள் மனைவிக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் மூவரும் வானிலை பேசுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. "செம குளிர் மச்சான்", "இங்கயும்தான்டா" என்பதை நாற்பது நிமிஷம் இழுக்கிறீர்கள். அதற்குப் பெயர் வானிலைப் பேச்சா? முதல் உறைபனி என்றைக்கு விழுந்தது, ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் குளிர் கூடுகிறதா குறைகிறதா, போன வருடம் இதே வாரம் எந்த மரம் பச்சையாக நின்றது, இதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதியும் வையுங்கள். முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் நாட்குறிப்புகளில் அலுப்போடு எழுதப்பட்ட வானிலை வரிகளைத்தான் 2010 முதல் ‘ஓல்ட் வெதர்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து படியெடுத்தார்கள். பழைய காலநிலையை மீட்டெடுக்க அவை உதவுகின்றன. பிரான்சின் போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாள் 1354 முதல் தெரியும். 1988க்குப் பிறகு அது சராசரியாக 13 நாள் முன்னால் வந்துவிட்டது. பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டீர்களே, என் கருத்து எதற்கு? யாரோ விடாமல் தேதி குறித்து வைத்ததால்தான் இது தெரிகிறது.

அப்புறம் ஒரு விஷயம். அக்டோபர் கடைசி ஞாயிறு உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். டொரான்டோவில் நவம்பர் முதல் ஞாயிறுதான். இடையிலுள்ள அந்த ஒரு வாரம் உங்களுக்கும் அவருக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம் நாலாகிவிடும். டுனெடின்காரர் செப்டம்பரிலேயே முன்னால் நகர்த்தியிருப்பார், அவரோடு பன்னிரண்டு பதின்மூன்றாகும். நேரத்தை இப்போதே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று பேரும் மூன்று நேரத்துக்கு வந்து, மற்ற இருவருக்கும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொள்வீர்கள்.