திறனறித் தேர்வை நம்பி ஆள் எடுக்கலாமா?

கேள்வி: பம்ப் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். திறனறித் தேர்வில் முதலிடம் பெற்றவரை வேலைக்கு எடுத்தேன். வெர்னியரில் அளவு பார்க்கவே தடுமாறுகிறார். இத்தேர்வுகளை நம்பலாமா?
- வாசகர், கணபதி, கோவை

பதில்: தங்கள் வருத்தம் நியாயமானது. ஒருவர் மறுமுறை எழுதினாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வருமானால் அத்தேர்வு நம்பகமானது. ஆனால் அந்த மதிப்பெண் வேலைத்திறனை முன்கூட்டிச் சொல்லுமா என்பது தனிக் கேள்வி. ஈரோட்டு மஞ்சள் மண்டித் தராசு எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடையைக் காட்டும், மஞ்சளின் தரத்தைச் சொல்லாது. 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்ற உளவியலாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து, பொதுவான சிந்திக்கும் திறனை அளக்கும் தேர்வுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பை 0.51 என்று கணித்தனர் (முழுப் பொருத்தம் என்றால் 1). சாக்கெட் என்ற உளவியலாளரின் குழுவினர் 2022இல் வெளியிட்ட மறுகணக்கில் அது 0.31 ஆகக் குறைந்தது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பிடும் நேர்காணல் 0.42 பெற்று முந்தியது. ஆகவே தேர்வைக் கைவிட வேண்டாம். அதோடு, வந்தவர் கையில் வெர்னியரையும் லேத்தில் கடைந்த புஷ் (குழல் வடிவ உதிரிபாகம்) ஒன்றையும் கொடுத்து, மூன்று இடங்களில் விட்டம் அளந்து எழுதச் சொல்லுங்கள். இப்போது இருப்பவரை அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். அளவு பார்ப்பது பழகினால் வரும், சில நாள் மூத்த டர்னர் (லேத் இயக்குபவர்) ஒருவரின் பக்கத்தில் நிற்க வையுங்கள்.