மரப்பலகையில் மேட்டுப்பாத்தி கட்டினால் கரையான் விட்டுவைக்குமா?

கேள்வி இது: வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, பலகை அடித்து மேட்டுப்பாத்தி போட்டுக் காய்கறி வைக்க ஆசை. என்ன மரம் வாங்குவது, எதை நிரப்புவது, கரையான் அரிக்காதா?

அரிக்கும். என் முதல் பாத்தியை முழுசாகத் தின்றது. இரண்டாவது இன்னும் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் மனை தாம்பரத்துக்குத் தெற்கே. பள்ளமாக இருந்த இடத்தில் ரப்பீஸ் கொட்டி மேடாக்கியது. கடப்பாரை போட்டால் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும்தான் வரும். தரையிலேயே கீரை போட்டுப் பார்த்தோம். ஐப்பசி மழையில் நாலு நாள் தண்ணீர் நின்றது, எல்லாம் அழுகிவிட்டது. அதனால்தான் மண்ணை மேலே ஏற்ற நினைத்தோம்.

முதல் பாத்திக்குப் பேக்கிங் பெட்டி உடைத்த பைன் பலகை வாங்கினேன். விலை குறைவு. அதில் எச்.டி. என்று முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அது சூடேற்றிப் பதப்படுத்திய மரம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, காய்கறிப் பாத்திக்கு வேண்டாம். அதுவரை சரிதான். ஆனால் பலகையை நேராகத் தரைமேல் நிறுத்தினேன். மண் செலவு குறையட்டும் என்று அடியில் தென்னை மட்டையும் காய்ந்த குச்சியும் போட்டு நிரப்பினேன். குளிர் நாட்டுக்காரர்கள் வீடியோவில் அப்படித்தான் செய்கிறார்கள். நம் ஊரில் அது கரையானுக்கு இலை போட்டுப் பந்தி வைத்த மாதிரி.

ஆடியில் விதைத்தது, அடுத்த சித்திரையில் ஒரு நாள் பக்கப் பலகையில் கை ஊன்றி எழுந்தேன். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. வெளியே பார்க்கப் பலகை பலகையாகவே இருந்தது. உள்ளே காகிதம் காகிதமாக மரம், நடுவில் ஈர மண். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது முறை, பழைய ஓட்டு வீடுகளை இடித்து எடுத்த மரம் விற்கும் கடைக்குப் போனேன். தேக்கில் உள்பக்கம் வைரம், அதாவது கெட்டியான மரம்; ஓரத்தில் வெளுத்த மென்மரம். கரையான் முதலில் அந்த வெளுப்பில்தான் கை வைக்கும். ஆசாரியிடம் சொல்லி அதை இழைத்து எடுத்துவிட்டேன். பனஞ்சட்டத்துக்கு நேர்மாறு: வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு என்கிற மெத்தென்ற பகுதி. சோறு சுரண்டி எடுத்த சட்டமாக இருந்தால் அதுவும் நன்றாக உழைக்கும். சவுக்கும் தைலமரக் கம்பும் மண்ணைத் தொடும் இடத்தில் சீக்கிரம் இற்றுவிடும். பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் பலகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்; வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ரயில்வே ஸ்லீப்பர் கட்டையும் வேண்டாம், அதில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும்.

அளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரம். நாலடிக்கு மேல் போனால் நடுவில் களை பறிக்கக் கை எட்டாது. சுவரை ஒட்டிப் போடுவதானால் இரண்டரை அடி போதும். பலகை ஒன்றேகால் அங்குலக் கனம். ஆணி அடிக்காமல் துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். ஈர மண்ணின் பாரத்தில் ஆணி கழன்றுவரும். எட்டடிப் பக்கம் நடுவில் வயிறு தள்ளும், அதனால் அங்கே குறுக்கே ஒரு சட்டம் கட்டாயம்.

முக்கியமான மாற்றம் இதுதான்: பலகை தரையைத் தொடக்கூடாது. சுற்றிலும் ஒரு வரிசை செங்கல் சிமென்ட் வைத்துக் கட்டி, அதன்மேல் பலகையை உட்கார வைத்தோம். உள்பக்கம் தடித்த தார்ப்பாய் ஷீட்டை மேலிருந்து செங்கல்லுக்குக் கீழ்வரை தொங்கவிட்டு அடித்தோம். அடிப்பக்கம் திறந்தேதான் இருக்கிறது, தண்ணீர் இறங்க வேண்டுமே. கரையான் ஏற வேண்டுமானால் பெரும்பாலும் செங்கல்மேல் மண் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். அது நம் கண்ணில் படும்.

வெளிப்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் இரண்டு கை அடித்தேன். பண்ருட்டியில் சித்தப்பா வீட்டில் உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் அதைத்தான் பூசுவார்கள். "கையில பட்டா தோல் உரிஞ்சிடும்டா, உறை போட்டுக்கோ" என்று சொல்லித்தான் டின்னைக் கொடுத்தார். சும்மா சொல்லவில்லை, சொட்டுப் பட்ட இடம் பொத்துப்போனது. இரண்டு வாரம் வெயிலில் நன்றாகக் காயவிட்டுத்தான் மண் நிரப்பினேன். கரையான் மருந்தை மட்டும் காய்கறி மண்ணில் ஊற்றிவிடாதீர்கள்.

நிரப்புவதில்தான் பணம் போகும். 32 கன அடி, அதாவது லாரிக்காரர் கணக்கில் ஒரு யூனிட்டில் (100 கன அடி) சுமார் மூன்றில் ஒரு பங்கு. பாதி செம்மண், மீதியில் மக்கிய தொழுஉரமும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி, நாலு கிலோ வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தால் உப்பு போகும். எருவைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், மண் வாசம் வர வேண்டும். சாண வாசம் வந்தால் அது இன்னும் மக்கவில்லை, காண்டாமிருக வண்டின் புழுவும் கூடவே வரும். முதல் மழைக்குப் பிறகு மண் மூன்று அங்குலம் இறங்கும், மண்புழு உரத்தால் ஈடுகட்டலாம். இதே பாத்தியை மாடியில் வைக்க நினைத்தால் நனைந்த மண் ஒரு டன்னைத் தாண்டும். பொறியாளரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

ஆடிப்பட்டத்தில் தொடங்குங்கள். வடக்கு ஓரத்தில் பந்தல் கால் நட்டு அவரை. நம் பக்கம் குளிர்காலத்தில் வெயில் தெற்கே சாய்ந்து வரும், பந்தல் வடக்கே இருந்தால் மற்றதற்கு நிழல் விழாது. பந்தல் அவரை பகல் குறைந்த பிறகுதான் பூக்கும், மார்கழிவரை பொறுங்கள். நடுவில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக வெண்டை, 45 நாளில் முதல் காய். ஓரமெல்லாம் சிறுகீரையும் முள்ளங்கியும். கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்காது. எறும்பு தூக்கிப் போகாமல் இருக்க அம்மா சுற்றிலும் ஒரு பிடி ரவை தூவுவாள். எறும்பு ரவையைச் சுமந்துகொண்டு போய்விடும், விதை தப்பித்துவிடும். கோடையில் மேட்டு மண் சட்டென்று காய்ந்துவிடும், காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தேவைப்படும். மூடாக்குக்குக் காய்ந்த வைக்கோலைப் பலகை ஓரம்வரை பரப்பாமல் நாலு விரல் இடம் விடுங்கள்.

இது நாலாவது ஆடி. ஞாயிற்றுக்கிழமை தோறும் குனிந்து செங்கல் வரிசையைச் சுற்றிப் பார்ப்பேன். போன மாதம் கிழக்கு மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு மண் குழாய் ஏறியிருந்தது. கரண்டியால் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் மறுபடி எண்ணெய் தடவினேன். பிறகு பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது.