எட்டு லித்தியம் செல்கள்: சீரிஸா, பேரலலா, எதை முதலில் கட்டுவது?

கேள்வி இது: "என்னிடம் 18650 என்ற உருளை வடிவ லித்தியம்-அயன் செல்கள் எட்டு இருக்கின்றன. எல்லாவற்றையும் சீரிஸில் போட்டால் பவர் அதிகமா, பேரலலில் போட்டால் அதிகமா? இரண்டையும் கலந்து கட்டுவதென்றால் எதை முதலில் செய்ய வேண்டும்?"

எப்படி இணைத்தாலும் உள்ளே இருக்கும் ஆற்றல் அதேதான். செல் ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், 2.5 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது செல்லின் கொள்ளளவு) என்று வைத்துக்கொள்வோம். எட்டையும் சீரிஸில் (ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸில்) கோர்த்தால் 29.6 வோல்ட், 2.5 ஏஎச். எட்டையும் பேரலலில் (பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாக) சேர்த்தால் 3.7 வோல்ட், 20 ஏஎச். இரண்டிரண்டாகப் பேரலலில் சேர்த்து, அந்த நான்கு ஜோடிகளைச் சீரிஸில் கோர்த்தால் (இதை 4எஸ் 2பி என்பார்கள்; எஸ் என்றால் சீரிஸ், பி என்றால் பேரலல்) 14.8 வோல்ட், 5 ஏஎச். பெருக்கிப் பாருங்கள், மூன்றிலும் 74 வாட்-மணி. 100 வாட் இழுக்கும் கருவியை மாட்டினாலும் ஒவ்வொரு செல்லும் தர வேண்டியது 12.5 வாட், ஏறக்குறைய 3.4 ஆம்பியர். தான் எந்த அமைப்பில் இருக்கிறோம் என்பது செல்லுக்குத் தெரியவே தெரியாது.

வயருக்குத் தெரியும். அதே 100 வாட் எட்டும் சீரிஸில் இருக்கும்போது 3.4 ஆம்பியராக ஓடும், எட்டும் பேரலலில் இருக்கும்போது 27 ஆம்பியராக ஓடும். வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும் என்பதால், பேரலலில் அதே வயரில் 64 மடங்கு வெப்பம் வீணாகும். மின்சாரக் கார்களில் ஏறத்தாழ நூறு செல் குழுக்களைச் சீரிஸில் கோர்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டெஸ்லா மாடல் எஸ் காரின் 85 கிலோவாட்-மணி பேட்டரியில் 7104 செல்கள். 74 செல்கள் பேரலலில் சேர்ந்து ஒரு குழு, அப்படி 96 குழுக்கள் சீரிஸில்.

அப்படியானால் எல்லாவற்றையும் சீரிஸில் போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். சீரிஸில் எல்லாச் செல்லிலும் ஓடும் மின்னோட்டம் ஒன்றே. பேரலலில் எல்லாச் செல்லின் மின்னழுத்தமும் ஒன்றே. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் நன்மை, ஆபத்து எல்லாவற்றையும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

சீரிஸில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடக் கொள்ளளவு குறைந்தது என்று வையுங்கள். ஓடும் மின்னோட்டம் ஒன்றே என்பதால் அது முதலில் காலியாகும். ஆனால் மற்ற செல்களில் சார்ஜ் மிச்சம் இருக்கிறது, அவை தொடர்ந்து அதன் வழியாகவே மின்னோட்டத்தைத் தள்ளும். 4எஸ் பேக்கில் மூன்று செல்கள் 3.3 வோல்ட்டிலும் ஒன்று 2.1 வோல்ட்டிலும் இருந்தால் மொத்தம் 12 வோல்ட். கருவியைப் பொறுத்தவரை பேக் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே அந்த ஒரு செல் செத்துக்கொண்டிருக்கும். லித்தியம் செல் அளவுக்கு மீறிக் காலியானால் மைனஸ் முனையில் இருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

சார்ஜ் ஏற்றும்போது இதைவிட மோசம். 4எஸ் பேக்கின் முழு சார்ஜ் 16.8 வோல்ட், செல்லுக்கு 4.2. சார்ஜருக்கு மொத்தம் மட்டும்தான் தெரியும். மூன்று செல்கள் 4.1 வோல்ட்டிலும் ஒன்று 4.5 வோல்ட்டிலும் இருந்தாலும் மொத்தம் அதே 16.8தான். சார்ஜர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும், ஆனால் 4.5 வோல்ட்டில் நிற்கும் அந்தச் செல் தீப்பிடிக்கும் நிலைக்குப் போய்க்கொண்டிருக்கும். பிஎம்எஸ் (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்ற போர்டு தேவைப்படுவது இதனால்தான். அது மொத்தத்தை நம்பாமல் சீரிஸில் நிற்கும் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே பார்க்கும். ஒன்று எல்லை தாண்டினாலும் துண்டிக்கும். பேலன்ஸ் வசதி உள்ள போர்டாக இருந்தால், முந்தி நிற்கும் செல்லை ஒரு மின்தடை வழியாக மெல்ல இறக்கி மற்றவற்றுக்குச் சமமாக்கும். லித்தியம் செல்களைச் சீரிஸில் கட்டும்போது பிஎம்எஸ் இல்லாமல் கட்டாதீர்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

பேரலலில் இந்தச் சிக்கல் இல்லை. அடியில் குழாய் போட்டு இணைத்த இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் போல, மட்டம் தானாகவே சமமாகிவிடும். 2.6 ஏஎச் செல்லும் 2.2 ஏஎச் செல்லும் ஒரு ஜோடியாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்து 4.8 ஏஎச். ஆபத்து இணைக்கும் அந்த நொடியில் இருக்கிறது. ஒரு செல் 4.2 வோல்ட், மற்றொன்று 3.6 வோல்ட் என்று வையுங்கள். செல்லுக்கு 30 மில்லி-ஓம் உள்மின்தடை என்றால் இரண்டும் சேர்ந்து 0.06 ஓம். வித்தியாசமான 0.6 வோல்ட்டை அதனால் வகுத்தால் 10 ஆம்பியர். எந்தக் கருவியும் மாட்டாமலேயே, இணைக்கும் உலோகப் பட்டையை வைத்ததும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவ்வளவு பாயும். 2.5 ஏஎச் செல்லுக்கு அது மிகக் கொடுமையான சார்ஜ். அதனால் பேரலலில் சேர்க்கும் முன் எல்லாவற்றையும் தனித்தனியே ஒரே அளவுக்கு சார்ஜ் செய்து, மல்டிமீட்டரில் பார்த்து, வித்தியாசம் 0.01, 0.02 வோல்ட்டுக்குள் வந்த பிறகே இணையுங்கள்.

இனி எதை முதலில் என்ற கேள்வி. முதலில் பேரலல், பிறகு சீரிஸ். இரண்டிரண்டாகப் பேரலலில் சேர்த்த ஜோடியைப் பிஎம்எஸ் ஒரே பெரிய செல்லாகப் பார்க்கும். நான்கு ஜோடிகளை ஒரு 4எஸ் போர்டே கவனித்துக்கொள்ளும். மாறாக, நான்கு நான்காகச் சீரிஸில் கோர்த்த இரண்டு சரங்களைக் கடைசியில் முனைகளில் மட்டும் சேர்த்தால், எட்டுச் செல்லும் எட்டு விதமாக விலகிப்போக வழி இருக்கிறது. ஒவ்வொரு சரத்துக்கும் தனித்தனி பிஎம்எஸ் வேண்டும். வோல்ட்டும் ஏஎச்சும் அதேதான் வரும், கண்காணிப்புதான் இரட்டிப்பாகும்.

செல்களின் கொள்ளளவு ஒரே அளவாக இல்லாவிட்டால் ஜோடி சேர்ப்பதில் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 2600, 2500, 2500, 2400, 2400, 2300, 2300, 2200 எம்ஏஎச் என்று எட்டு இருந்தால், பெரியதோடு சிறியதைச் சேர்த்து நான்கு ஜோடிகளையும் சரியாக 4800-க்குக் கொண்டுவந்துவிடலாம். சீரிஸில் நிற்பவை சமமாக இருப்பதுதான் முக்கியம். அதற்காகப் புதியதையும் மிகப் பழையதையும் ஜோடியாக்க வேண்டாம். பழையதன் உள்மின்தடை கூடியிருக்கும், சுமையின் பெரும்பகுதியைப் புதியதே தாங்க வேண்டி வரும். வேதியியலே வேறான செல்களைக் கலக்கவே கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லின் முழு சார்ஜ் 3.65 வோல்ட்தான், அதை 4.2 வோல்ட் செல்லோடு சேர்க்க வழியில்லை.

கையால் கட்டும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். 18650 செல்லின் உலோக உடல் முழுவதும் மைனஸ். பிளஸ் என்பது மேலே நடுவில் இருக்கும் அந்தச் சிறிய மூடி மட்டும். அதைச் சுற்றியுள்ள விளிம்பும் மைனஸ்தான், இடையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே காப்பு. நிக்கல் பட்டை அந்த விளிம்பில் உரசி உறை கிழிந்தால் நேரடி ஷார்ட். பிளஸ் பக்கத்தில் ஒட்டும் வட்டக் காப்புக் காகிதத்தை எல்லாச் செல்லுக்கும் ஒட்டுங்கள். சால்டரிங் அயனைச் செல்லின் மேலேயே வைக்காமல் ஸ்பாட் வெல்டிங் செய்வது நல்லது, அதிகச் சூடு உள்ளே பிளஸ், மைனஸ் அடுக்குகளைப் பிரித்து வைக்கும் மெல்லிய பிரிப்பானைக் கெடுக்கும். மோதிரம், உலோகக் கடிகாரம் கையில் இருக்கக் கூடாது.

4எஸ் போர்டுக்கு ஐந்து சென்ஸ் வயர்கள் (ஒவ்வொரு ஜோடியின் மின்னழுத்தத்தையும் அளக்க உதவும் மெல்லிய வயர்கள்) வரும். அந்தக் கனெக்டரைச் செருகும் முன் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேக்கின் மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் வரிசையாகத் தொட்டுப் பாருங்கள்: 0, 3.7, 7.4, 11.1, 14.8 என்று படிப்படியாக ஏற வேண்டும். வரிசை மாறியிருந்தால் போர்டு அங்கேயே போய்விடும்.

பேக் வேலை செய்யத் தொடங்கிய பிறகும் அவ்வப்போது அதே ஐந்து புள்ளிகளை அளந்து பாருங்கள். பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போதே ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிட இறங்கிக்கொண்டே போனால், அதிலுள்ள இரண்டில் ஒரு செல் தானாகவே கசிந்துகொண்டு தன் ஜோடியையும் காலி செய்கிறது என்று சந்தேகப்படலாம். ஜோடிக்குள் எது குற்றவாளி என்று பிஎம்எஸ்ஸால் சொல்ல முடியாது. பேலன்ஸ் செய்து ஒப்பேற்றாமல் அந்த ஜோடியைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியே முழு சார்ஜ் செய்து சில நாள் வைத்துவிட்டு அளந்தால் எது இறங்கியது என்று தெரிந்துவிடும்.